நீதியைக் கைவிட மனித பலவீனம் ஒரு காரணமாகாது: மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

சட்டம் இயற்றும் அவைகளில் மக்கள் பெயரால் உட்கார்ந்திருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

நாடு, கட்சி எதையும் பார்க்காமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் பேச வந்த விஷயத்தில் ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓர் அநியாயத்தைக் காட்டி, ‘இதற்கு ஏதாவது செய்யுங்கள்’ என்று யாராவது வந்து நிற்கும்போது, அரசியலில் கொஞ்சம் அனுபவம் சேர்ந்தவர்கள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறீர்கள். “மனுஷங்க அப்படித்தான். ஆசை இருக்கிறவரைக்கும் லஞ்சம் இருக்கும், வெறுப்பு இருக்கிறவரைக்கும் அடிதடி இருக்கும். சட்டம் போட்டா மனசு மாறிடுமா?” கேட்க வந்தவருக்கு வாயடைத்துப் போகிறது. ஏனென்றால் நீங்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

அந்தப் பதிலுக்கு மறுப்புச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். மனிதர்கள் சுயநலக்காரர்கள்தான். தன் பிள்ளை, தன் ஆள், தன் கூட்டம் என்று வரும்போது நல்லவர்களும் ஒரு பக்கம் சாய்கிறார்கள். அதிகாரம் கைக்கு வந்ததும் நேற்றுவரை பேசிய பேச்சு மறந்துபோகிறது. பயம், சோம்பல், அவசரம், கோபம் எல்லாம் நம் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கின்றன. இதையெல்லாம் மாற்றி எல்லோரையும் உத்தமர்களாக்குங்கள் என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்த உண்மையைச் சொல்லிவிட்டு, ‘ஆகவே செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று எப்படி முடிக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. எல்லோரும் உத்தமர்களாக இருந்தால் அவை எதற்கு, நீதிமன்றம் எதற்கு, தணிக்கை எதற்கு? மனிதர்கள் தவறுவார்கள் என்பதால்தானே உங்களை அங்கே உட்கார வைத்திருக்கிறோம்?

கோவலன் கதை தெரியாதவர் தமிழில் இருக்க முடியாது. தவறு தெரிந்ததும் அரியணையிலேயே உயிரை விட்ட பாண்டியனை மேடைதோறும் புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சியில் எனக்குப் பாதி உடன்பாடுதான். அவன் கொடியவன் இல்லை, அந்தக் கதையில் என்னை உறுத்துவதே அதுதான். ஊடலில் இருந்த அரசியைச் சமாதானப்படுத்தப் போகிற வழியில் பொற்கொல்லன் வந்து, சிலம்பைத் திருடியவன் அகப்பட்டுவிட்டான் என்கிறான். மன்னன் நின்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அகப்பட்டவனைக் கூப்பிட்டு என்னப்பா நடந்தது என்று விசாரிக்கவில்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று காவலர்களிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறான். உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்தச் சோதனை பிறகு நடக்கத்தான் செய்தது. கோவலன் செத்து, அவன் மனைவி அவைக்கு வந்து கேட்ட பிறகு. நடுவில் ஒரு நாள் அவகாசமோ, இன்னொருவர் விசாரிக்க வேண்டும் என்ற விதியோ இருந்திருந்தால், மன்னனின் அவசரம் அவசரமாகவே போயிருக்கும். ஓர் உயிர் போயிருக்காது. அவனுடைய மனசாட்சி பெரியதுதான், ஆனால் அது விழித்துக்கொண்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

இது பழைய மன்னராட்சிக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். வழக்கறிஞர், ஜூரி, மேல்முறையீடு எல்லாம் இருந்த ஒரு நாட்டிலேயே இதைப் போல ஒன்று நடந்தது. 1949-இன் கடைசியில் லண்டனில் ஒரு வீட்டில் ஓர் இளம் பெண்ணும் அவருடைய பெண் குழந்தையும் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்தார்கள். கணவர் டிமத்தி எவன்ஸ் மேல் வழக்கு. சரியாக எழுதப் படிக்கத் தெரியாதவர், போலீஸிடம் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார், ஒப்புதல் வாக்குமூலமும் கொடுத்தார். அப்புறம் அதை மறுத்து, கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டிதான் கொன்றான் என்றார். யாரும் நம்பவில்லை. அரசுத் தரப்பின் முக்கிய சாட்சியே அந்தக் கிறிஸ்டிதான். 1950 மார்ச் 9 அன்று எவன்ஸைத் தூக்கிலிட்டார்கள். அவருக்கு வயது 25. மூன்று ஆண்டு கழித்து, கிறிஸ்டி காலி செய்துவிட்டுப் போன அதே வீட்டில், சமையலறைச் சுவருக்குப் பின்னால் மூன்று பெண்களின் உடல்கள் கிடைத்தன. தரைப் பலகைக்குக் கீழே அவன் மனைவியின் உடல் கிடந்தது. தோட்டத்தில் இரண்டு பெண்களின் எலும்புகள், அவை எவன்ஸ் வழக்குக்கும் முந்தைய கொலைகள். அதாவது எவன்ஸைக் கைது செய்து அந்த வீட்டைச் சோதனை போட்டபோதே அந்த எலும்புகள் தோட்டத்து மண்ணில் இருந்திருக்கின்றன.

நான் சொல்ல வந்தது இந்தக் கொலைகாரனைப் பற்றி இல்லை. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த சூட்டர் ஈட் என்பவரைப் பற்றி. தூக்கை நிறுத்தும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. எவன்ஸின் கோப்பைப் படித்துவிட்டு, சட்டம் தன் வழியில் போகட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டவர் அவர். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1948-இல், மரண தண்டனையை நிறுத்திவைக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் பேச்சு வந்தபோது அரசு சார்பில் எதிர்த்து நின்றவரும் அவர்தான். 1955-இல் அதே அவையில் எழுந்து, அந்தக் கோப்பில் அப்படி எழுதியது நான்தான் என்றார். தன்னால் முடிந்த அளவு கவனமாகப் பார்த்தும் நிரபராதி ஒருவரை அனுப்பிவிட்டோமோ என்ற நினைப்பு இனி எந்த உள்துறை அமைச்சருக்கும் வரக் கூடாது என்றார். தூக்கை ஒழிக்க வேண்டும் என்ற பக்கத்துக்கு வந்துவிட்டார். பிரிட்டனில் கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனை 1965-இல் ஐந்தாண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டு, 1969-இல் நிரந்தரமாக நீக்கப்பட்டது. எவன்ஸுக்கு மன்னிப்பு என்ற பெயரில் ஒரு காகிதம் 1966-இல் வந்தது.

பாண்டியனையும் ஈட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒருவர் தன் தவறுக்குத் தன்னையே தண்டித்துக்கொண்டார். இன்னொருவர் தான் உயிரோடு இருந்து, அவமானத்தைத் தாங்கிக்கொண்டு, அடுத்தவர் கையால் அதே தவறு நடக்க முடியாதபடி சட்டத்தை மாற்றும் வேலையில் சேர்ந்துகொண்டார். அரசியல்வாதியிடம் நான் எதிர்பார்க்கும் அறம் இரண்டாவது வகை. தான் கெட்டவன் என்று ஈட் சொல்லவில்லை. கவனமாகத்தான் படித்தேன், அப்படியும் தவறிவிட்டது என்றுதான் சொன்னார். நல்ல மனிதர்கள் கவனமாக இருந்தாலும் தவறும் என்றால், திருத்தவே முடியாத தண்டனையை மனிதர் கையில் கொடுக்கலாமா? மனித பலவீனத்தை நேர்மையாக ஒப்புக்கொண்டவருக்கு வருகிற அடுத்த கேள்வி இதுதான். உங்களில் பலர் ஒப்புக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

இதற்கு நேர் எதிரான ஓர் ஆபத்தும் உண்டு. நீதி தன் பக்கம் இருக்கிறது, தனக்குத் தவறாது என்று நினைப்பவர்கள். பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ரோபஸ்பியர் 1791-இல் பிரெஞ்சு அவையில் மரண தண்டனைக்கு எதிராகவே பேசியவர், நீதிபதிகள் தவறக்கூடியவர்கள் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மூன்றே ஆண்டில், 1794 ஜூன் 10 அன்று, ஆட்சியை நடத்திய அவருடைய குழு ஒரு சட்டம் கொண்டுவந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது. சாட்சிகளை விசாரித்தே ஆக வேண்டும் என்பதில்லை. தீர்ப்பு இரண்டே, விடுதலை அல்லது மரணம். ஏழு வாரத்துக்குள் பாரிஸில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தலை விழுந்தது. ஜூலை 28-இல் அவர் தலையும் அதே கில்லட்டின் இயந்திரத்தில் விழுந்தது, அதுவும் விசாரணை இல்லாமல். ஊழல் கறை படாதவர் என்று ஊரே சொன்ன மனிதர் அவர். கறை படாத கை என்பதால் கட்டுப்பாடு வேண்டாம் என்று உங்கள் தலைவர் யாராவது கேட்டால், அந்த ஏழு வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீதியைத் தேடுவது கடமை. தேடுகிற நாமும் தவறக்கூடியவர்கள் என்பதை மறந்துவிட்டால் அந்தத் தேடலே அநீதியாகிவிடும்.

சரி, அடுத்தது. சட்டம் போட்டால் மனசு மாறிவிடுமா என்று கேட்கிறீர்கள். மாறாமலே இருக்கட்டும். மார்ட்டின் லூதர் கிங் இதற்குப் பல மேடைகளில் பதில் சொல்லியிருக்கிறார்: ஒருவன் என்னை நேசிக்கும்படி சட்டத்தால் செய்ய முடியாமல் இருக்கலாம், என்னை அடித்துக் கொல்லாமல் தடுக்க முடியும், எனக்கு அதுவும் முக்கியம் என்று. கும்பல் கொலைக்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றத்தில் முதல் மசோதா வந்தது 1900-இல். அது சட்டமானது 2022-இல். நடுவில் கிட்டத்தட்ட இருநூறு முயற்சிகள். 122 ஆண்டு யாருடைய மனம் மாறட்டும் என்று காத்திருந்தார்கள்?

மனம் மாறும்வரை காத்திருக்காமல் செய்ததையும் பாருங்கள். மிசிசிப்பி மாநிலத்தில் 1965-க்கு முன்பு வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பின மக்களில் வாக்காளர் பட்டியலில் பதிவானவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. பெயர் சேர்க்கப் போனால் எழுத்தறிவுத் தேர்வு என்று ஒன்று வைப்பார்கள். தேர்ச்சியா இல்லையா என்று முடிவு செய்வது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார அதிகாரி. அந்த ஆண்டு ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. தேர்வு நிறுத்தப்பட்டது, தேவைப்பட்ட இடங்களில் மத்திய அரசின் ஆட்களே வந்து உட்கார்ந்து பெயரைப் பதிந்தார்கள். 1967-க்குள் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு அறுபதை நெருங்கிவிட்டது. இரண்டு ஆண்டில் அந்த மாநிலத்து வெள்ளையர்களின் மனம் உருகிவிட்டதா? இல்லவே இல்லை. மேசைக்குப் பின்னால் உட்காரும் ஆள் மாறினார், கேட்கும் கேள்வி மாறியது. நீங்கள் செய்ய முடிகிற வேலை அந்த மேசையில்தான் இருக்கிறது. மனதுக்குள் புகுவது ஞானிகளின் வேலை, அவர்களும் பெரும்பாலும் தோற்றுப்போயிருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்ட அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் யார்? 1937-இல் அவைக்குள் வந்து, ஏறக்குறைய இருபது ஆண்டு, கும்பல் கொலைத் தடுப்பு மசோதா உட்படக் குடிமை உரிமைச் சட்டங்கள் ஒவ்வொன்றையும் எதிர்த்தவர். தனிப் பேச்சில் கறுப்பின மக்களைக் கேவலமாகக் குறிப்பிட்டவர். வாக்குரிமைச் சட்டம் வந்த அதே ஆண்டில் வியட்நாமில் போரைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தவர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அடிமை வணிகத்தை ஒழிக்க 1791-இல் கொண்டுவந்த மசோதா 163-க்கு 88 என்று தோற்ற பிறகும் விடாமல் நின்று 1807-இல் வென்ற வில்பர்ஃபோர்ஸ், தன் நாட்டுத் தொழிலாளர்கள் சங்கம் சேர்வதைத் தடுத்த சட்டத்துக்குத் துணை நின்றவர். இவர்களை வெள்ளையடிக்கச் சொல்லவில்லை. இவர்களுக்குப் பின்னால் அடிவாங்கியும் பின்வாங்காமல் நடந்த மக்கள் இருந்தார்கள், அவர்கள் இல்லாமல் ஜான்சன் அசைந்திருக்க மாட்டார். நான் சொல்வது உங்களில் ஒரு சாராருக்கு. ‘நான் என்ன பெரிய யோக்கியனா, எனக்கு நீதி பேசத் தகுதி இருக்கா’ என்று ஒதுங்குகிறவர்களுக்கு. தகுதி வரட்டும் என்று நீங்கள் காத்திருக்கும் நாட்கள் எல்லாம் வேறு யாருடைய வாழ்க்கையிலிருந்தோதான் கழிகின்றன. கையில் வாக்கு இருக்கிறது. போடுங்கள்.

சமரசம் பற்றியும் பேசியாக வேண்டும். இதில்தான் உங்கள் தொழிலின் உண்மையான சங்கடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். முழு நீதி ஒரே நாளில் கிடைக்காது, எதிரில் இருப்பவரும் வாக்குப் போட்டால்தான் மசோதா நகரும், பாதியாவது கிடைக்கட்டும் என்று வாங்கிக்கொள்கிறீர்கள். அதை நான் இழிவாகப் பார்க்கவில்லை. பாதி கிடைத்ததால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சமரசத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா?

1833-இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டது. ‘சொத்து’ போனதற்கு இழப்பீடாக இரண்டு கோடி பவுண்டு, அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் சுமார் நாற்பது சதவீதம், வழங்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. சவுக்கடி வாங்கியவர்களுக்கு ஒரு காசு இல்லை. போதாததற்கு, ‘தொழில் பழகுநர்’ என்று பெயர் சூட்டி, அதே எஜமானர்களிடம் அவர்கள் சம்பளமில்லாமல் தொடர்ந்து உழைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. அது 1838 வரை நீடித்தது. இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் அடைந்து முடிந்தது எப்போது தெரியுமா? 2015-இல். அடிமைகளின் வழித்தோன்றல்களாகப் பிறந்து பிரிட்டனில் வரி கட்டுகிறவர்களும் அந்தக் கடனை அடைத்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டம் வராமலே இருந்திருக்கலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். விலங்கு அறுந்தது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பேரத்தில் பலம் உள்ளவனுக்கு ரொக்கம், பாதிக்கப்பட்டவனுக்குத் தவணை. நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு தென்னாப்பிரிக்காவில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்தபோதும், உண்மையை முழுதாகச் சொன்ன குற்றவாளிக்கு மன்னிப்பு அந்த நடைமுறையிலேயே கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கான தொகை 2003-இல்தான் அறிவிக்கப்பட்டது, ஆளுக்கு 30,000 ராண்ட், ஆணையம் பரிந்துரைத்ததைவிட மிகக் குறைவு. உள்நாட்டுப் போர் வராமல் தடுத்த ஏற்பாடு அது என்று சொல்பவர்களின் பேச்சை நான் மதிக்கிறேன். கணவனைக் கொன்றவன் வெளியே நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்ணிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இரண்டையும் சேர்த்தே சுமக்கத் தெரிந்தவர்தான் சமரசம் செய்யத் தகுதியானவர். பாதியை வாங்குங்கள். வாங்கியது பாதிதான் என்று அன்றைக்கே அவையில் சொல்லுங்கள். மீதிப் பாதிக்குத் தேதி போடுங்கள். ‘பிரச்சினை தீர்ந்துவிட்டது’ என்று விளம்பரம் கொடுக்காதீர்கள். அந்த விளம்பரம்தான் மீதிப் பாதியைக் கொன்றுவிடுகிறது.

ஓர் அரசியல் சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை நடத்துகிறவர்கள் மோசமானவர்களாக இருந்தால் அதுவும் மோசமாகிவிடும் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். மனுஷங்க சரியில்லை என்று கைவிரிப்பவர்கள் இதை அடிக்கடி துணைக்கு இழுப்பதைப் பார்க்கிறேன். அவருடைய அதற்கு முந்தைய ஆண்டுப் பேச்சையும் படிக்க வேண்டும். நிர்வாக விவரங்களையெல்லாம் அரசியல் சட்டத்துக்குள் ஏன் நுழைத்தீர்கள் என்று அவரிடம் குறை சொன்னார்கள். சட்டத்தை மதித்து நடக்கும் ஒழுக்கம் தானாக வருவதில்லை, வளர்க்கப்பட வேண்டியது, நம் மக்கள் இன்னும் அதைக் கற்க வேண்டியிருக்கிறது, ஆகவே விவரங்களைச் சட்டமன்றத்தின் கையில் விட்டுவைக்காமல் இருப்பதே நல்லது என்றார். கவனியுங்கள், மனிதர்கள் மேல் நம்பிக்கை குறைவாக இருந்ததால் அவர் எழுதியது குறையவில்லை, கூடியது. மனிதர்களால் வாழ்நாள் முழுக்கக் காயப்பட்ட ஒருவர், கைவிரிக்க எல்லா நியாயமும் இருந்த ஒருவர், உட்கார்ந்து பிரிவு பிரிவாக எழுதினார்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் எதுவும் இல்லை. அடுத்த கூட்டத்தொடரில் ஒரு மசோதா வரும். காவல் துறைக்குக் கூடுதல் அதிகாரம், நிலம் எடுப்பது, யாருக்கு உதவித்தொகை யாருக்கு இல்லை என்று ஏதாவது ஒன்று. வாக்கெடுப்புக்கு முன்னால் எழுந்து, இது தவறான ஆள் மேல் பாய்ந்தால் அவர் எங்கே போய் முறையிடுவார், எத்தனை நாளில் அவருக்குப் பதில் வரும், அதுவரை அவர் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று அமைச்சரிடம் கேளுங்கள். ‘நம் அதிகாரிகள் பொறுப்பானவர்கள்’ என்ற பதிலைப் பதிலாக ஏற்காதீர்கள். முறையீட்டுக்கு வழி எழுதப்படவில்லை என்றால் திருத்தம் கொடுங்கள், தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கட்சிக் கொறடா முறைத்தால் முறைக்கட்டும். சில ஆண்டுகளில் அந்தச் சட்டம் யாரையெல்லாம் தொட்டது என்று திரும்பி ஆராய ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள். தோற்றுப்போனால் உங்கள் எதிர்ப்பை அவைக்குறிப்பில் பதிந்துவிட்டு, அடுத்த தொடரில் அதையே மறுபடி கொண்டுவாருங்கள்.

நாங்களும் ஒழுங்கானவர்கள் இல்லை என்பது தெரியும். எங்களுக்கு வேண்டியவர் என்றால் விதியை வளைக்கச் சொல்லி உங்களிடமே வந்து நிற்போம். அப்போதும் முடியாது என்று சொல்லுங்கள். அன்றைக்குக் கோபித்துக்கொள்வோம், அடுத்த தேர்தலில் அதற்காக வாக்கு மாறவும் கூடும். அந்த இழப்பையும் சேர்த்து ஏற்றுக்கொண்டுதான் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு வாக்களித்தவர்களில் ஒருவர்